ஏழு கேப் பீச் கன்றுகள், ஒரு கிரானைட் பலகை: கூட்ட நடவு பற்றி யோசனை தேவை

சட்டிக்காரன் · சாட்ஸ்வொர்த், டர்பன்

வணக்கம். ஆறு மாதமாக ஓரத்தில் உட்கார்ந்து எல்லாருடைய போன்சாய்ச் சட்டிகளையும் வேடிக்கை பார்த்தவன். இப்போதுதான் முதல் இழை.

ஐரோப்பிய பீச் மரங்களைப் பத்து, பதினைந்து என்று ஒரே தட்டில் நட்டுக் காடாக்கிய படங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. சாம்பல் நிறத் தண்டுகள் வழவழவென்று நிற்கும், குளிர்காலத்தில் காய்ந்த இலை உதிராமல் பித்தளைத் தகடு போலத் தொங்கும். போன சனிக்கிழமை உள்நாட்டு மரக்கன்று விற்கும் இடத்தில் 'கேப் பீச்' என்ற பலகையைப் பார்த்ததும் ஏழு கன்று அள்ளிக்கொண்டு வந்தேன். உயரம் 40 முதல் 70 செ.மீ. வரை. தடிமன் பென்சிலில் தொடங்கிக் கட்டைவிரல் வரை. "ஏழும் ஒரே மாதிரிதானே இருக்கு, ஒன்று போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

தட்டுக்குப் பதில் ஒரு கறுப்பு கிரானைட் பலகை இருக்கிறது. சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சியது, 70க்கு 45 செ.மீ. ஆகஸ்ட் முடிவதற்குள் நட்டுவிடலாமா? அந்தப் படங்களில் உள்ள மாதிரி வருமா?

மூடுபனி · பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வராது தம்பி. வேறு மாதிரி வரும், அது இன்னும் நன்றாக இருக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாந்த முதல் ஆள் நீங்கள் இல்லை. கேப்பில் குடியேறிய டச்சுக்காரர்களுக்கு இதன் கட்டையைப் பார்த்ததும் ஊர் பீச் ஞாபகம் வந்து 'பூக்கன்ஹௌட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே பெயரை வடக்கே இன்னொரு மரத்துக்கும் வைத்தார்கள். ரஸ்டன்பர்க் பக்கம், டிரான்ஸ்வால் குடியரசின் தலைவராக இருந்த பால் குரூகரின் பண்ணைக்குப் பெயர் பூக்கன்ஹௌட்ஃபொன்டெய்ன். அங்கே அந்தப் பெயர் குறிப்பது ஃபாரியா மரத்தை, அது புரோட்டியா குடும்பம். உங்கள் கையில் இருப்பது ரபனேயா மெலனோஃப்ளோயோஸ். மெலனோஃப்ளோயோஸ் என்றால் 'கரும்பட்டை' என்று பொருள். ஐரோப்பிய பீச்சுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூடக் கிடையாது.

அதனால் வரும் வித்தியாசங்கள்: இது பசுமை மாறா மரம், குளிர்காலத்தில் கிளைகளின் எலும்புக்கூட்டைக் காட்டாது. இலை தோல் மாதிரி தடிப்பு, கிளை நுனியில் கொத்தாக நிற்கும், காம்பு ஊதா கலந்த சிவப்பு. இலை பெரிது. இருபது செ.மீ. உயரத்தில் காடு செய்யப் போனால் கத்தரிச் செடி வரிசை மாதிரிதான் இருக்கும். 60, 70 செ.மீ. உயரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். குறைக்காதீர்கள்.

முக்கியமானது இதுதான். இந்த மரம் வேரிலிருந்து கன்று விடும். தாய் மரம் ஒன்று நடுவில் நிற்கும், சுற்றிலும் மகள், பேத்தி. வாழையடி வாழை என்பது போலத்தான். ஈரமான காட்டு ஓரத்தில் போய்ப் பாருங்கள், தனி மரத்தைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஐரோப்பியக் காட்டை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டு அந்தக் கூட்டத்தைச் செய்யுங்கள்.

யாழ்வேர் · ஜோஹன்னஸ்பர்க்

அக்கா சொன்னது சரி. ஆனாலும் தம்பி ஆசைப்பட்ட மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் இங்கே வருவதற்கு முன் லண்டனில் பதினொரு வருடம் இருந்தவன், அங்கே பீச்சில் கை சுட்டிருக்கிறேன்.

அங்கே வேலிக்கு நட பீச் கன்றுகளைக் குளிர்காலத்தில் மண்ணில்லாத வேரோடு கட்டுக் கட்டாக விற்பார்கள், நம் ஊர் வேலிக் கதியால் மாதிரி. ஒரு கட்டு வாங்கினால் காட்டுக்கு வேண்டிய மெலிசு, தடிப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். மரத்தின் குணம்தான் கொஞ்சம் வீம்பு. பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே ஒரு துளிர்ப்புத்தான். மொட்டு நீளமாக, கூராக ஊசி போல இருக்கும். வசந்தத்தில் அது விரியும் சில நாட்களுக்குள் நடுக் குருத்தைக் கிள்ளி இரண்டு இலையோடு நிறுத்த வேண்டும். அந்த வாரம் ஊருக்குப் போய்விட்டீர்கள் என்றால் அந்த வருடமே போச்சு. பட்டை மெல்லிசு, கம்பி கடித்த தடம் வருடக் கணக்கில் மறையாது.

எல்லாவற்றுக்கும் மேல் அதற்குச் சரியான குளிர்த் தூக்கம் வேண்டும். டர்பன் குளிர்காலம் அதற்கு மத்தியானக் கோழித் தூக்கம்தான். ஆசையை விடுங்கோ.

டோங்காட்_1949

என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர். 1860இல் இந்தியத் தொழிலாளர்களோடு முதல் கப்பல் ட்ரூரோ வந்ததற்குப் பல வருடம் பிந்தி. எங்கள் வீட்டுப் பின்புறம் கேப் பீச் ஒன்று நின்றது. கன்று விடுவது பற்றி மேலே எழுதியது உண்மை. சிமெண்டுத் தளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது, சாக்கடைக் குழாய் பக்கமும் போனது. நிலத்தில் நடுபவர்கள் வீட்டுக்குத் தள்ளி நடவும்.

போன்சாய் எனக்குத் தெரியாது. குரங்கு தெரியும். மண் மேல் பாசி போட்டால் குரங்கு வரும். ஹடிடா பறவையும் வரும். சொல்லிவிட்டேன்.

சட்டிக்காரன்

நன்றி எல்லாருக்கும். தாத்தா, குரங்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன் 🙂 அக்கா, எந்த இடத்தில் எதை நடுவது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? ஏழு என்பது சரியான எண்ணிக்கையா? ஏதாவது சாஸ்திரம் இருக்கிறதா?

மூடுபனி

ஒற்றைப்படை நல்லது. மொய் எழுதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலும் ஆறும் வைத்தால் கண் தானாக இரண்டு இரண்டாகப் பிரித்து ஜோடி சேர்த்துவிடும். பத்துக்கு மேல் போனால் யாரும் எண்ணப் போவதில்லை.

முதலில் ஏழையும் தொட்டியோடு தரையில் வரிசையாக வைத்து, தடிப்பிலிருந்து மெலிசு வரை அடுக்குங்கள். தடித்ததுதான் தாய். அதுதான் உயரமாகவும் இருக்க வேண்டும். உயரமாக இருந்து தண்டு மெலிந்த கன்று ஏதாவது இருந்தால் அதன் தலையை வெட்டுங்கள், பாவம் பார்க்காதீர்கள். தடித்த குள்ளனும் ஒல்லியான நெட்டையனும் பக்கத்தில் நின்றால் காடு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

தாயைப் பலகையின் நட்டநடுவில் வைக்காதீர்கள். இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு, நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். இரண்டாவது தடித்ததை அதன் பக்கத்திலேயே, கை நுழையாத நெருக்கத்தில். பெரும்பாலான கூட்ட நடவு கெடுவது இங்கேதான். எல்லா மரத்துக்கும் சம இடைவெளி கொடுத்தால் அது தோப்பு, தென்னந்தோப்பு. ஓரிடத்தில் நெருக்கமும் ஓரிடத்தில் வெறுமையும் வேண்டும். மெலிந்தவற்றில் இரண்டைப் பின்னால் வையுங்கள், தூரம் தெரியும். மூன்றை வலது பக்கம் தனிச் சிறு கூட்டமாக விடுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம், மாட்டுத் தடம் மாதிரி வளைந்து பின்னால் போய் மறையட்டும். முன்னால் நின்று பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் மூன்று தண்டு ஒரே கோட்டில் வரக் கூடாது, ஒன்று இன்னொன்றை முழுசாக மறைக்கக் கூடாது.

ஓரத்து மரங்கள் வெளிப்பக்கம் லேசாகச் சாயட்டும், வெளிச்சம் அங்கேதானே. உள்பக்கம் பார்க்கும் கிளைகளை எடுத்துவிடுங்கள். நடுவில் நிற்பவை உச்சியில் மட்டும் இலை வைத்திருக்கட்டும். ஏழு மரத்துக்கும் சேர்த்து ஒரே தலை.

வேலை செய்யும் முறை: கன்றுகளைத் தட்டையான பலகையில் ஆட்டாமல் நிறுத்துவது கஷ்டம். மூங்கில் பிளாச்சை ஜன்னல் கம்பி போல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதில் ஒவ்வொரு வேர்க்கட்டையும் அலுமினியக் கம்பியால் இறுக்குங்கள். மண் போட்ட பிறகு மூங்கில் உள்ளேயே மக்கிப்போகும், அதற்குள் வேர்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஆணிவேரை வெட்டுங்கள், பக்கவேரைக் காப்பாற்றுங்கள். வேர் காய விடாதீர்கள், ஈரச் சாக்கு பக்கத்திலேயே இருக்கட்டும்.

யாழ்வேர்

ஒரு மாற்று யோசனை. கன்று விடும் மரம்தானே, ஏழு தனி மரம் எதற்கு? ஒரே மரத்தைப் படுக்க வைத்து, மேல்பக்கக் கிளைகளை மட்டும் விட்டு, அடிப்பக்கப் பட்டையை ஆங்காங்கே கீறி மண்ணில் புதைத்தால், கிளைகளெல்லாம் தனித்தனி மரமாக நிற்கும். ஜப்பானியர்கள் இகடாபுகி என்பார்கள், ஒரே அடிமரத்தில் இணைந்த மரங்கள். தனிமரங்களைச் சேர்த்து நடும் யோசே-உவேயை விட இந்த மரத்துக்கு அதுதான் உண்மைக்குப் பக்கம்.

மூடுபனி

உண்மைக்குப் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் இழை போட்டவரிடம் போய் மரத்தைப் படுக்கப் போடச் சொல்வது நியாயமா அண்ணா? வேர் பிடிக்க வருடக் கணக்காகும். பிடிக்காவிட்டால் ஏழும் இல்லை, ஒன்றும் இல்லை.

புதுச்சட்டி · பிரிட்டோரியா

கடையில் வாங்காமல் காட்டிலேயே கன்று கன்றாக முளைத்துக் கிடக்கும் என்றால் நாலைப் பிடுங்கி வந்தால் என்ன? தாய் மரத்துக்கு நஷ்டமில்லையே.

கேப்காற்று · கேப் டவுன்

கூடாது. 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி இயற்கைக் காட்டில் நிற்கும் உள்நாட்டு மரத்தை உரிமம் இல்லாமல் வெட்டவோ, சேதப்படுத்தவோ, அகற்றவோ முடியாது. கன்றும் மரம்தான். வீட்டுத் தோட்டத்தில் முளைத்த வேர்க்கன்று உங்களுடையது, அதைத் தாராளமாக எடுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மேஜை மலைச் சரிவில் நியூலாண்ட்ஸ் காட்டுக்குள் நடக்கப் போனால் கேப் பீச் மரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்திருப்பதைப் பார்க்கலாம். மருந்துக்கு விற்க. முழு வளையமாக உரித்தால் மரம் நின்றபடியே சாகும். போன மாதம் ஒரு மரத்தைப் பார்த்தேன், ஆள் உயரத்துக்கு வெறும் கட்டை, கிழிந்த விளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது. அங்கே போய் நாமும் கடப்பாரையோடு நிற்க வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்காரருக்கு ஒன்று: உங்கள் பக்கத்திலேயே சில்வர்கிளெனில் மாநகராட்சியின் மருந்துச்செடி நாற்றங்கால் இருக்கிறது. பட்டை உரிக்கும் நெருக்கடிக்குப் பதிலாகக் கன்றுகளை வளர்த்துக் கொடுக்கத்தான் அப்படிப்பட்ட இடங்கள். போய்ப் பாருங்கள்.

புதுச்சட்டி

புரிந்தது. கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சட்டிக்காரன்

நட்டாச்சு! ஞாயிறு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவன், எழுந்தபோது மூன்று. படம் மேலே.

மண் பற்றிக் கேட்பீர்கள். பைன் பட்டைத் தூள் ஒரு பங்கு, சலித்த ஆற்றுப் பருமணல் இரண்டு பங்கு. பக்கத்து வீட்டு அண்ணன் "பெரியா சிவப்பு மண் சும்மாவே கிடக்கிறது, எதற்குக் காசு?" என்றார். ஒரு டப்பாவில் போட்டு நீர் விட்டுப் பார்த்தேன். நுண்மண் எல்லாம் அடியில் படிந்து, காய்ந்ததும் செங்கல். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பலகை ஓரத்துக்குக் களிமண்ணும் பீட் என்ற சதுப்பு நில மக்கும் சமமாகப் பிசைந்து, சப்பாத்தி மாவு பதத்தில் வரப்பு கட்டினேன்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து எடுத்துக் குச்சியால் வேரைச் சீவும்போதுதான் ஏழும் ஏழு விதம் என்று தெரிந்தது. ஒன்றின் வேர் தொட்டிக்குள் சுருள் கம்பியாக நான்கு சுற்று சுற்றியிருந்தது. இன்னொன்றுக்கு ஒரே பக்கம்தான் வேர், அதுதான் ஓரத்தில் சாய்ந்து நிற்கச் சரியாகப் பொருந்தியது. மேலே பார்த்து அடுக்கியதை வேரைப் பார்த்து இரண்டு தடவை மாற்றினேன். வீட்டில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது.

கேப்காற்று

படம் பார்த்தேன். பாராட்டு அப்புறம், முதலில் குறை. உச்சிகளைப் பாருங்கள், ஏழும் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி கிட்டத்தட்ட ஒரே உயரம். வலது பக்கச் சிறு கூட்டத்தை ஒரு கை அளவு குறைக்க வேண்டும். பாதை அழகாக வந்திருக்கிறது.

யாழ்வேர்

எனக்கு அந்தப் பாதையில்தான் சந்தேகம். மிகத் துப்புரவாக இருக்கிறது, யாரோ விளக்குமாறு போட்ட மாதிரி. காட்டில் யார் பெருக்குவது?

மூடுபனி

உச்சியை இப்போது தொடாதீர்கள். வேரை வெட்டிய கையோடு தலையையும் வெட்டினால் தாங்காது. அக்டோபரில் துளிர் விட்டு இலை கெட்டியான பிறகு வலது பக்கத்தைக் குறைக்கலாம். அதுவரை நிழல், காற்று படாத இடம், இலைக்கு நீர்த்தூவல். இழுத்துப் பார்க்கிறேன் என்று தண்டை ஆட்டாதீர்கள்.

சட்டிக்காரன்

மூன்று வாரத்துக்குப் பின்.

டோங்காட் தாத்தா, நீங்கள் சொன்னது சொன்னபடி. ஹடிடா ஒன்று அந்தியில் வந்து இறங்கியது. ஓட்டுவதற்குள் நீள அலகைப் பாசிக்குள் தையல் இயந்திரம் மாதிரி குத்திக்கொண்டே இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரு நடை நடந்தது. புழு தேடுகிறதாம். மறுநாள் குரங்குகள் வந்து மீதிப் பாசியைக் கம்பளம் சுருட்டுவது போலச் சுருட்டிச் சுவர் மேல் உட்கார்ந்து பிய்த்துப் போட்டன. மரங்கள் அசையவில்லை, மூங்கிலும் கம்பியும் காப்பாற்றின. இப்போது கோழிவலைக் கூண்டுக்குள் காடு.

டோங்காட்_1949

குரங்கை முன்னாலேயே சொன்னேன்.

சட்டிக்காரன்

ஜனவரி. கெட்ட செய்தி. வலது கூட்டத்தில் ஓரத்து மரத்தின் இலைகள் நாலு நாளில் ஓரம் கருகி மடங்கிவிட்டன. தண்ணீர் தினமும் இரண்டு வேளை விடுகிறேன். மண் ஈரமாகத்தான் இருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன், மேல்பாதியில் பச்சை இல்லை. மற்ற ஆறும் நன்றாக இருக்கின்றன. பூச்சியா? மரத்தைத் துளை துளையாகப் போடும் அந்த 'ஷாட்-ஹோல் போரர்' வண்டோ என்று பயமாக இருக்கிறது.

மூடுபனி

வண்டு இருந்தால் பட்டையில் ஊசிமுனைத் துளையும் அதைச் சுற்றிக் கறையும் தெரியும். 2017இல் இந்த நாட்டில் முதன்முதலில் அதை எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்தான் கண்டுபிடித்தார்கள், அதனால் தினம் தேடிப் பார்த்துப் பழகிவிட்டோம். உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை.

பலகை எந்தப் பக்கம் வெயில் வாங்குகிறது? மத்தியானம் இரண்டு மணிக்குக் கிரானைட் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

சட்டிக்காரன்

வைத்தேன். ஐந்து வரை எண்ண முடியவில்லை. செத்த மரம் நின்ற வலது ஓரம் மேற்கு வெயில் விழும் பக்கம். அங்கே மண்ணும் நாலு செ.மீ. ஆழம்தான்.

கறுப்புக் கிரானைட்டை அழகு என்று வைத்தேன். தோசைக்கல்லில் நட்டிருக்கிறேன்.

கேப்காற்று

ஈர மண் சூடானால் வேர் அவிந்துவிடும். காய்ந்து சாவதும் அவிந்து சாவதும் இலையில் ஒரே மாதிரி தெரியும், அதனால்தான் ஆள் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவார். பலகைக்கு அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்குங்கள், மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுங்கள், ஓரத்து வரப்பை வெளியே வழியவிட்டுக் கல் தெரியாமல் மூடுங்கள்.

2018 பிப்ரவரியில் எங்கள் ஊரில் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் தண்ணீர். குளித்த நீரை வாளியில் பிடித்து மரங்களுக்கு ஊற்றினேன். அந்தக் கோடையில் நான் இழந்ததும் தண்ணீர்க் குறைவால் அல்ல, சிமெண்டுத் தரைச் சூட்டால். தூக்கி வைத்தவை பிழைத்தன.

புதுச்சட்டி

செத்த மரத்தை எடுத்துவிட்டால் ஆறு ஆகிவிடுமே, ஒற்றைப்படை போய்விடுமே?

யாழ்வேர்

எடுக்க வேண்டாம். அப்படியே நிற்கட்டும். உண்மையான காட்டில் பட்ட மரம் இல்லாமல் இருக்குமா? பட்டையை உரித்து, பாதி உயரத்தில் ஒடித்துவிடுங்கள். வெட்ட வேண்டாம், ஒடிக்க வேண்டும். உச்சிகள் ஒரே உயரம் என்ற குறையும் அதோடு தீர்ந்தது.

மூடுபனி

எனக்கு இதில் சம்மதமில்லை. விரல் தடிமன் கட்டை ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது, காளான் வந்து மக்கும். மக்கும் வேர் பக்கத்து வேருக்கும் நல்லதில்லை. எடுத்துவிடுங்கள். ஆறு என்றால் ஆறு.

யாழ்வேர்

அக்கா, அது மக்கும் வரைக்கும் பார்க்க நன்றாக இருக்குமே.

சட்டிக்காரன்

இருவரும் மன்னிக்கவும், பாதிப் பாதி செய்தேன். தரை மட்டத்தில் அறுத்துவிட்டேன், வேரை மட்டும் தோண்டவில்லை. தோண்டினால் பக்கத்து மரத்தின் வேரும் வருகிறது, பின்னிக்கொண்டுவிட்டன.

சட்டிக்காரன்

இழையைத் தூசி தட்டுகிறேன். நட்டு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

ஆறு மரமும் இருக்கின்றன. இலை பெரிதாகச் சிறுத்துவிடவில்லை. ஆனால் தாய் மரத்தின் அடி பருத்திருக்கிறது, கறுப்பு நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. கிரானைட்டின் ஓரம் முழுக்கப் பாசி மூடிவிட்டது. கூண்டு இன்னும் இருக்கிறது.

இன்று காலை தண்ணீர் விடும்போது பார்த்தேன். பாதைக்கு நட்டநடுவில், பாசியைத் துளைத்துக்கொண்டு ஒரு குருத்து. விரல்நுனி உயரம், இரண்டே இலை, காம்பு அந்தச் சிவப்பு. விதையிலிருந்து வந்ததோ என்று பாசியை ஒதுக்கிப் பார்த்தேன். கீழே குறுக்காக ஒரு வேர் ஓடுகிறது, அதன் முதுகிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. எந்த மரத்து வேர் என்று தொடர்ந்து போனேன், தாய் மரத்துக்குப் போகிறது.

பாதையை அழித்துவிடும். வெட்டவா, விடவா?

யாழ்வேர்

பெருக்கின பாதை என்று நான் சொன்னதற்கு மரமே பதில் எழுதியிருக்கிறது. விடுங்கோ.

மூடுபனி

விடுங்கள். ஏழாகிவிட்டது. பாதையை இடது பக்கம் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம், அடுத்த ஆகஸ்ட்டில். அதுவரை அந்த இடத்தில் உரம் போடாதீர்கள், குருத்து ஒரேயடியாக நெட்டையாகிவிடும்.

டோங்காட்_1949

கூண்டை எடுக்க வேண்டாம்.